அரிசித் தொட்டிக்குக் கீழே ஒரு கணக்குத் தாள்



பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலிருந்தபடியே எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கிறது. மலாய்மொழி ஒருவாறு ஓடுகிறது, சரித்திரமும் ஓடுகிறது. கணக்கு மட்டும் படுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட வீடுகள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்து அடுக்குமாடியிலும் உண்டு. இந்த மாதம் அந்த வீட்டாரோடுதான் பேசப் போகிறேன். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

என் அக்காள் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். அத்தான் அதே தோட்டத்தில் செம்பனைக் குலை அறுத்தவர். 2023-ஆம் ஆண்டு குலையொன்று காலில் விழுந்து எலும்பு முறிந்து படுக்கையில் ஆகிவிட்டார். அக்காள் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவாள். அப்பாவையும் சின்னத் தம்பியையும் யார் பார்ப்பது? மூன்றாம் படிவம் முடித்திருந்த மூத்த மகள் வீட்டில் நின்றுவிட்டாள். ஒருவரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நம் வீடுகளில் பெண்பிள்ளையின் படிப்பு பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் நிற்கிறது. பிறகு அத்தான் எழுந்து நடமாட ஆரம்பித்ததும், தனியார் பரீட்சார்த்தியாக எஸ்.பி.எம். எழுதுகிறேன் என்று அவளே புத்தகங்களைத் தூசு தட்டி எடுத்தாள்.

போன தீபாவளிக்கு வீடு கழுவ ஒத்தாசையாகப் போயிருந்தேன். அரிசித் தொட்டியை நகர்த்தியபோது அடியில் நான்காக மடித்த தாள் ஒன்று அகப்பட்டது. கணித மாதிரித் தேர்வு, இரண்டாம் தாள். மேலே சிவப்பு மையில் 11. நூற்றுக்குப் பதினொன்று.

நான் ஒன்றும் பேசாமல் தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இரவு எல்லாரும் படுத்த பிறகு அவளே வந்தாள். "சித்தி, பார்த்துட்டீங்கல்ல? எனக்குக் கணக்கு மண்டையில ஏறாது. டியூசன் வாத்தியாரே சொல்லிட்டாரு. கணக்கை விட்டுட்டு மத்ததை எழுதுறேன்."

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நம் வீடுகளில் வழக்கமாக வரும் பதில்கள் எனக்குத் தெரியும். நானே சொன்னவள்தான். ஒன்று, திட்டு: "போனைப் பார்த்துக்கிட்டே இருந்தா இப்படித்தான்." இரண்டு, ஒப்பீடு: "எதிர்வீட்டுப் பிள்ளையைப் பார்." மூன்றாவது பாசத்தோடு வருவதால் மற்ற இரண்டையும்விடக் கெடுதல் செய்கிறது: "விடும்மா, நம்ம பரம்பரையிலேயே கணக்கு வராது." பிள்ளையைத் தேற்றத்தான் அதைச் சொல்கிறோம். பிள்ளைக்கோ அது தீர்ப்பாகக் கேட்கிறது. அதன் பிறகு முயற்சி செய்ய அதற்கு என்ன காரணம் இருக்கிறது?

நான்காவதாக இராமானுஜன் கதையைச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த மேதை கல்லூரித் தேர்வில் தோற்றது உண்மைதான். ஆனால் அவர் தோற்றது மற்றப் பாடங்களில், கணக்கில் அல்ல. கணக்கில் இடறி நிற்கும் பிள்ளைக்கு அந்தக் கதையால் ஒரு காசு பிரயோசனமில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். தாளை எடுத்துவரச் சொன்னேன். மதிப்பெண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, தப்பான கணக்குகளை ஒவ்வொன்றாக எனக்கு விளக்கச் சொன்னேன். எனக்கு ஐந்தாம் படிவக் கணக்கு தெரியாது. அதை அவளிடமும் சொன்னேன். தெரியாதவளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொல் என்றேன். தமிழிலேயே சொன்னாள். மூன்றாவது கணக்கிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. கழித்தல் மூன்றிலிருந்து கழித்தல் எட்டைக் கழிக்க வேண்டிய இடம். விடை 5 வரவேண்டும். அவள் கழித்தல் பதினொன்று என்று போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "எல்லாமே மைனஸ் சித்தி, அதனால சேர்த்துட்டேன்." அந்தத் தாளில் இதே தப்பு ஏழு இடத்தில் இருந்தது. சமன்பாடு போடத் தெரிந்திருக்கிறது, வரைபடத்துக்குப் புள்ளி வைக்கவும் தெரிந்திருக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே உள்ள எண் வந்ததும் கால் வழுக்கிவிடுகிறது.

பெற்றோர்களே, இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். கணக்கு ஏணி மாதிரி. பிள்ளை மேல்படியில் நின்று விழும்போது நாம் மேல்படியைத்தான் பார்க்கிறோம். உடைந்திருப்பது நாலு வருடத்துக்கு முந்தின கீழ்ப்படியாக இருக்கும். ஐந்தாம் படிவப் பாடத்துக்கு மாதா மாதம் டியூசனுக்குக் கட்டிக்கொண்டே போனாலும் முதல் படிவத்தின் ஓட்டை அடைபடாது. டியூசன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சேர்க்கும்போதே "என் பிள்ளை எங்கே உடைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள் ஐயா, அங்கிருந்து தொடங்குங்கள்" என்று கேளுங்கள். கேட்க நமக்கு உரிமை உண்டு.

இவளுடைய படி எப்போது உடைந்தது? வருடத்தை எண்ணிப் பார்த்தோம். 2019-இல் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு, யு.பி.எஸ்.ஆர். எழுதினாள், கணக்கில் நல்ல தேர்ச்சி. 2020 ஜனவரியில் முதல் படிவம். அந்தப் படிவத்தின் முதல் அத்தியாயமே இந்தக் குறை எண்கள்தான். ஆனால் அந்த ஜனவரியில் பிள்ளைக்கு எல்லாமே புதிது. ஆறு வருடம் பின்னம் என்று படித்தது பெச்சாஹான் ஆகிவிட்டது. விழுக்காடு பெராத்துஸ் ஆயிற்று, பரப்பளவு லூவாஸ் ஆயிற்று, பெருக்கல் டாராப் ஆயிற்று. ஆசிரியர் என்ன கேட்கிறார் என்று மனத்துக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவர் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார். புரிந்ததா என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள், இவளும் ஆட்டினாள். பாக்கி என்ற சொல் ஒன்றுதான் இரண்டு மொழியிலும் ஒன்றாக இருந்தது என்று அவள் சொன்னபோது இருவரும் சிரித்துவிட்டோம்.

மொழி கொஞ்சம் பிடிபடும் நேரத்தில் 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிகள் மூடின. பிறகு திறப்பதும் மூடுவதுமாக 2021 அக்டோபர் வரை போயிற்று. இயற்கணிதம் முழுக்க அந்தக் காலத்தில்தான். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அத்தானோடு காட்டுக்குப் போய்விடும். அவர் திரும்பி வந்து, மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்து, தோட்டத்து மேட்டில் ஏறி நின்றால்தான் இணையம் கிடைக்கும். 2021 பிப்ரவரியில் டிடிக் டிவி தொடங்கினார்கள், நல்ல காரியம். ஆனால் தொலைக்காட்சிப் பெட்டியிடம் கை தூக்கிச் சந்தேகம் கேட்க முடியுமா? அதன்பிறகு மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022-இல் எடுக்கப்பட்டுவிட்டது. தேர்வுச் சுமை குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும் இவள் வயதுப் பிள்ளைகளுக்கு யு.பி.எஸ்.ஆருக்குப் பின் எஸ்.பி.எம். வரை வெளித்தேர்வு எதுவும் இல்லாமல் போயிற்று. ஓட்டை இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

இதையெல்லாம் தேதியோடு அவளுக்கு எழுதிக் காட்டினேன். அவள் வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் மக்கு இல்லையா சித்தி?" என்றாள். பதினெட்டு வயதுப் பிள்ளை.

சரி, உடைந்த படியை எப்படிக் கட்டுவது? எனக்குத் தோன்றியது மளிகைக் கடை 555 புத்தகம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உள்ளங்கை அளவு குறிப்புப் புத்தகம், கடைக்காரர் கடன் எழுதுவது. அதை எடுத்து வைத்தோம். கடைக்கு 40 வெள்ளி கொடுக்க வேண்டும். அது கழித்தல் 40. இன்றைக்கு அரிசியும் எண்ணெயும் 25 வெள்ளிக்குக் கடனாக வாங்கினோம்; கழித்தல் 65. இது அவளுக்குத் தெரியும். இப்போது கடைக்காரர் புரட்டிப் பார்த்து, 8 வெள்ளிச் சாமானை இருமுறை எழுதிவிட்டேனே என்று ஒன்றை அடித்துவிடுகிறார். எட்டு வெள்ளிக் கடனைக் கழிக்கிறார். அதாவது கழித்தல் 65-இலிருந்து கழித்தல் 8-ஐக் கழிக்கிறோம். இப்போது நம் நிலை என்ன? "57தான் கொடுக்கணும். கடனை அடிச்சா நமக்கு லாபம்தானே!" என்றாள். சொன்னவள் அப்படியே நிறுத்தி, அரிசித் தொட்டித் தாளை இழுத்து, அந்தக் கழித்தல் பதினொன்றை அடித்து 5 என்று எழுதினாள். பெருக்கலும் அதே வழிதான். ஐந்து வெள்ளிக் கடன் மூன்றை அடித்துவிட்டால் பதினைந்து வெள்ளி மிச்சம். கழித்தலும் கழித்தலும் பெருக்கினால் கூட்டல் வருவது ஏன் என்று எனக்கே அன்றுதான் விளங்கிற்று.

இது என் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டிலேயே இந்த எண்களுக்கு விதி எழுதி வைத்தார். பூச்சியத்துக்கு மேலே உள்ளதைத் தனம் என்றார், செல்வம். கீழே உள்ளதை ருணம் என்றார், கடன். இரண்டு கடனைப் பெருக்கினால் செல்வம் என்பது அவர் விதி. ஐரோப்பாவிலோ பதினெட்டாம் நூற்றாண்டில்கூடக் கணிதம் எழுதிய சிலர் இந்தக் குறை எண்களை ஏற்க மறுத்தார்கள். பெரியவர்களே அத்தனை காலம் தயங்கிய இடத்தில் நம் பிள்ளை தடுமாறியது குற்றமா?

அடுத்தது விழுக்காடு. இதற்கு ஆசிரியர் என் அக்காள்தான். அவள் படித்தது ஆறாம் வகுப்புவரை. ஒரு மாலை வேளை மகள் விழுக்காட்டுக் கணக்கில் மல்லாடிக்கொண்டிருந்தாள். அக்காள் அடுப்படியிலிருந்தே, "இருபது கிலோ பால், டி.ஆர்.சி. முப்பத்திரண்டு. காய்ந்த ரப்பர் எவ்வளவு?" என்று கேட்டாள். மகள் பேனாவைத் தேடுவதற்குள், "ஆறு கிலோ நானூறு கிராம்" என்று அவளே சொல்லிவிட்டாள். எப்படி என்றோம். "பத்துக் கிலோவுக்கு மூணு கிலோ இருநூறு. அதை இரண்டாக்கு." பாலில் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. நூறு பங்கில் காய்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்பதுதான் டி.ஆர்.சி., அதை வைத்துத்தான் பாலுக்குக் கணக்குப் போடுகிறார்கள். முப்பத்திரண்டு முப்பது ஆனால் நானூறு கிராம் போய்விடும் என்பது அவளுக்கு ஸ்டோரில் நின்று நின்று பழகிய சங்கதி. பெராத்துஸ் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுந்து போய்விடுவாள்.

வட்டமும் அப்படித்தான். மரத்தைச் சுற்றி நூல் பிடித்து அளந்து, சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்தால் வெட்டுக்குத் தயார் என்பது தோட்டத்து வழக்கம். அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். வெட்டுக்கோடு 30 பாகை சாய்வாக மரத்தில் பாதிச் சுற்று ஓடும். கோணம் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு அதைக் காட்டுங்கள். பட்டணத்தில் இருப்பவர்கள் மோட்டார் சைக்கிள் சக்கரத்தை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு மணி அடிக்க யாரும் இல்லை. அதனால் நேரத்தை நாம்தான் வைத்துக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிட, நாள்தோறும் அரைமணி நேரம் நல்லது. அந்த நேரத்தில் தண்ணீர் பிடி, தம்பியைப் பார் என்று கூப்பிடாதீர்கள். அரைமணி நேரம் தம்பி அழட்டும். ஐந்து கணக்கு போதும். அதில் ஒன்று பழைய பாடத்திலிருந்து இருக்கட்டும். தப்பான கணக்கை அழிக்க விடாதீர்கள். இன்னொரு 555 புத்தகம் வாங்கி அதில் தப்புகளை வகை பிரித்து எழுதச் சொல்லுங்கள். கழித்தல் குறித் தப்பு, மொழி புரியாத தப்பு, அவசரத் தப்பு, பாடமே தெரியாதது என்று. கணக்குச் சொற்களை மலாயிலும் தமிழிலும் பக்கம்பக்கமாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சாயங்காலம் ஒரு கணக்கையாவது உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை. பிள்ளை எந்த இடத்தில் திக்குகிறது என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டை அங்கேதான் இருக்கும்.

தேர்வைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்.பி.எம். கணிதத்தில் முதல் தாள் 40 கேள்வி, ஒன்றரை மணி நேரம். கேள்விக்கு இரண்டு நிமிடமும் கொஞ்சமும்தான். இரண்டாம் தாள் 100 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். இதில் வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு. தனியாகப் படிக்கும் பிள்ளைகள் மனத்தில் போட்டு விடையை மட்டும் எழுதும் பழக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள், எங்கள் பிள்ளையும் அப்படித்தான். விடை தப்பாகப் போனால் எல்லாமே போச்சு. வழியை எழுதியிருந்தால் பாதியாவது கிடைத்திருக்கும்.

இனி எல்லாம் சுகம் என்று நான் எழுதினால் நம்ப மாட்டீர்கள், அப்படி நடக்கவும் இல்லை. இரண்டு மாதம் இப்படிப் படித்து இன்னொரு மாதிரித் தாள் எழுதினாள். 19. அன்று அவள் அழுதாள். எனக்கும் உள்ளுக்குள் விட்டுப் போயிற்று, மறைக்கவில்லை. மறுநாள் தாளை வகை பிரித்தோம். ஏழு இடத்தில் இருந்த கழித்தல் குறித் தப்பு இரண்டு இடத்தில்தான் இருந்தது. ஆனால் கடைசிப் பகுதி முழுக்க வெற்றுத் தாள். நேரம் போதவில்லை. பழைய படி ஓரளவு கட்டியாயிற்று. இப்போது வேகம்தான் குறை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு அத்தான் பழைய கடிகாரத்தை மேசைமேல் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பார்க்க ஆரம்பித்தார். அவருக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி ஆயிற்று.

நடைமுறைக் காரியம் ஒன்று. தனியார் பரீட்சார்த்திகள் தாமாகப் பதிந்துகொள்ள வேண்டும். தேதி தவறினால் ஒரு வருடம் போய்விடும். அலோர் ஸ்டாரில் உள்ள மாநிலக் கல்வி இலாகாவிலோ பக்கத்து மாவட்டக் கல்வி அலுவலகத்திலோ ஆண்டுத் தொடக்கத்திலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மலாய்மொழியும் சரித்திரமும் தேர்ச்சி பெற்றால்தான் சான்றிதழ் உண்டு. கணக்கில் தேறாவிட்டாலும் சான்றிதழ் கிடைக்கும் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தாதியர் பயிற்சியென்றும், கூலிமிலும் ஜித்ராவிலும் இருக்கும் பாலிடெக்னிக் என்றும் விண்ணப்பிக்கப் போகும்போது கணக்கு எங்கே என்று கேட்கிறார்கள். இவளுக்குத் தாதியாக வேண்டும் என்று ஆசை. அப்பாவின் காலுக்குக் கட்டுப் போட்டுப் போட்டு வந்த ஆசை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை வீட்டில் நிறுத்துங்கள் என்று இதை யாரும் படித்துவிடக் கூடாது. தொடக்கக் கல்வி 2003 முதல் சட்டப்படி கட்டாயம். இடைநிலைப்பள்ளிக்குத் திரும்பிப் போக வழியிருந்தால் அதுதான் முதல் வழி. வழியில்லாமல் போனவர்களுக்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

சென்ற வாரம் பீடோங்குக்குப் போயிருந்தேன். புதிய தாளொன்று மேசைமேல் திறந்தபடி கிடந்தது. 31. அக்காள் வேலையிலிருந்து வந்து, கை கழுவிக்கொண்டே அதை எட்டிப் பார்த்து, "இன்னும் எத்தனை வகை தப்பு இருக்கு?" என்று மகளைக் கேட்டாள். "மூணும்மா. இன்னைக்கு அவசரத் தப்பை எடுத்துக்கலாம்" என்று சொல்லி அவள் 555 புத்தகத்தைப் புரட்டினாள். அத்தான் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.